புக்மார்க் எக்ஸ்போர்ட்: நான்கு உலாவிகளில் எண்ணிப் பார்த்தது

புதுக் கணினியில் இம்போர்ட் முடிந்ததும் புக்மார்க் பட்டியலைத் திறந்தேன். மொத்தம் 412 இருந்தன. இருக்க வேண்டியவை நாலாயிரத்துக்கும் மேல். பழைய மடிக்கணினியை முந்தின நாள்தான் முழுவதும் அழித்து, வேறொருவர் கையில் கொடுத்திருந்தேன்.

நான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவ அறிக்கைகளும் சட்ட ஆவணங்களும்தான் என் வேலை. ஒரு சொல்லுக்கு நல்ல இணைச்சொல் கிடைத்த பக்கம், ஒரு நோயின் பெயரைச் சரியாக விளக்கிய பக்கம், யாரோ பொறுமையாக உட்கார்ந்து தொகுத்த கலைச்சொல் பட்டியல் என்று பதினான்கு வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் பல கூகுளில் தேடினால் வராது. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் போக முடியும். அதனால் அந்த 412ஐப் பார்த்ததும் கை நடுங்கியது என்றால் மிகையில்லை.

இந்த விமர்சனம் அந்த நாளிலிருந்து தொடங்கியது. அப்புறம் இரண்டு வாரம் ஃபயர்ஃபாக்ஸ், க்ரோம், எட்ஜ், சஃபாரி நான்கிலும் இதே பட்டியலை ஏற்றி, எக்ஸ்போர்ட் செய்து, வந்த கோப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். எல்லா உலாவியிலும் இருக்கிற, யாருமே விமர்சனம் எழுதாத ஒரு வசதி இது. வீடு மாறும்போதுதான் பெட்டியின் அடிப்பாகம் கண்ணில் படும். இதுவும் அப்படித்தான்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் பயன்படுத்தியது க்ரோமியம், அதாவது க்ரோமுக்கே அடிப்படையாக இருக்கும் மென்பொருளில் அமைந்த ஒரு சின்ன உலாவி. பெயர் வேண்டாம், ஏனென்றால் இதே தவறு அந்தக் குடும்பத்தில் எந்த உலாவியிலும் நடக்கலாம். எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினேன், எங்கே சேமிப்பது என்று கேட்டது, சொன்னேன், கோப்பு வந்தது. எல்லாம் நலம் என்று நினைத்தேன். கூட வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, எத்தனை ப்ரொஃபைல் வச்சிருந்தீங்க?"

இரண்டு. வீட்டு விஷயத்துக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. எக்ஸ்போர்ட் செய்த அன்று திறந்திருந்தது வீட்டு ப்ரொஃபைல். ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனி புக்மார்க் பட்டியல் உண்டு. எக்ஸ்போர்ட் எப்போதும் திறந்திருக்கும் ப்ரொஃபைலை மட்டும்தான் எழுதும். "இன்னொரு ப்ரொஃபைலும் இருக்கிறது, அதையும் சேர்க்கவா?" என்று உலாவி கேட்பதில்லை. எக்ஸ்போர்ட் செய்த கோப்பு காலியாக இருக்கிறது, பாதிதான் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இப்போது முதலில் கேட்பதும் இதைத்தான். க்ரோமில் வலது மேல் மூலையில் இருக்கும் படத்தை அழுத்திப் பாருங்கள், அங்கே எத்தனை பெயர்கள் இருக்கின்றன?

என்னைக் காப்பாற்றியது வெளி ஹார்ட் டிஸ்க். கணினியைக் கொடுப்பதற்கு முன் பயனர் ஃபோல்டரை மறைந்திருக்கும் ஃபோல்டர்களோடு சேர்த்து அப்படியே நகல் எடுத்து வைத்திருந்தேன். க்ரோமியம் உலாவிகள் ஒவ்வொரு ப்ரொஃபைலின் புக்மார்க்குகளையும் பொதுவாக ஒரு கோப்பில் வைத்திருக்கின்றன. அதன் பெயர் 'புக்மார்க்ஸ்', அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதே சொல், பின்னால் புள்ளியும் வால் எழுத்துகளும் கிடையாது. அதனால் இரட்டைச் சொடுக்கில் திறக்காது, பார்த்தால் ஏதோ உடைந்த கோப்பு என்று தோன்றும். நோட்பேடில் திறந்தால் ஜேசன் என்ற எழுத்து வடிவில் எல்லாம் தெளிவாகத் தெரியும். 'டிஃபால்ட்' என்ற ஃபோல்டரில் இருந்தது வீட்டுப் பட்டியல். 'ப்ரொஃபைல் 1' என்ற ஃபோல்டரில் இருந்தது வேலைப் பட்டியல். தேடல் பெட்டியில் எண்ணிப் பார்த்தேன். 3,861. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

திரும்ப வைக்கிற முறை எளிது, ஆனால் வரிசை முக்கியம். உலாவியை முழுவதும் மூட வேண்டும், எல்லாச் சாதனங்களிலும் பட்டியலை ஒன்றாக வைத்திருக்கும் சின்க் வசதி ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். அப்புறம் புது ப்ரொஃபைல் ஃபோல்டரில் இந்தக் கோப்பை வைத்து, உலாவியைத் திறக்க வேண்டும். திறந்திருக்கும்போதே வைத்தால், உலாவி தன் நினைவில் இருக்கும் பட்டியலை அதன் மேல் எழுதிவிடும். ஃபோல்டர் எங்கே என்று தெரியாவிட்டால் க்ரோமில் முகவரிப் பட்டியில் க்ரோம் என்று எழுதி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, வெர்ஷன் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பக்கத்தில் ப்ரொஃபைல் பாத் என்று ஒரு வரி இருக்கும்.

அதே ஃபோல்டரில் பெயரின் முடிவில் 'பேக்' என்று வரும் இன்னொரு கோப்பும் இருக்கும். அது ஒரே ஒரு பழைய நகல். புக்மார்க்குகள் திடீரென்று காணாமல் போனால் பதற்றத்தில் உலாவியை மூடி மூடித் திறப்பது நம் இயல்பு. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். உலாவி மறுபடி தொடங்கிய பின் காலியான பட்டியலே அந்த நகலின் மேல் எழுதப்படலாம். முதலில் இரண்டு கோப்பையும் வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

சரி, இப்போது எக்ஸ்போர்ட் கோப்புக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இந்த இரண்டு வாரத்தில் எனக்கு மரியாதை கூடிய ஒரே பொருள் இதுதான்.

நான்கு உலாவிகளும் ஒரே வடிவத்தில்தான் எழுதுகின்றன. கோப்பின் முதல் வரியிலேயே 'நெட்ஸ்கேப்' என்ற பெயர் இருக்கிறது. 1994இல் வந்த, இன்று யாரும் பயன்படுத்தாத உலாவி அது. அதன் புக்மார்க் வடிவத்தைத்தான் க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இன்றும் எழுதுகின்றன, படிக்கின்றன. இடையில் 1998இல் எக்ஸ்பெல் என்று எக்ஸ்எம்எல் அடிப்படையில் இன்னும் ஒழுங்கான ஒரு வடிவத்தைப் பைத்தான் நிரல்மொழி ஆர்வலர்கள் கொண்டுவந்தார்கள். சில மென்பொருள்கள் அதை ஏற்றன, ஆனால் பெரிய உலாவிகளில் அது ஊன்றவில்லை. பழைய நெட்ஸ்கேப் வடிவமே நிலைத்தது.

ஏன் நிலைத்தது என்று கோப்பைத் திறந்தபோது புரிந்தது. அது ஒரு சாதாரண வலைப்பக்கம், அதாவது எச்டிஎம்எல் கோப்பு. இம்போர்ட் செய்யவே வேண்டாம், இரட்டைச் சொடுக்கில் எந்த உலாவியிலும் திறக்கும். ஃபோல்டர் பெயர்கள் தலைப்புகளாகவும், அவற்றின் கீழ் இணைப்புகள் உள்தள்ளியும் தெரியும். அழுத்தினால் அந்தப் பக்கத்துக்கே போகலாம். உங்களிடம் இருக்கும் உலாவி நாளை நின்றுபோனாலும் இந்தக் கோப்பைப் படிக்க வழி இருக்கும். இணையச் சேவைகள் மூடப்படுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கூகுள் புக்மார்க்ஸ் சேவை 2021 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டது. பக்கங்களைப் பிறகு படிக்கச் சேமித்து வைக்கும் மொசில்லாவின் பாக்கெட் சேவை 2025 ஜூலை 8 அன்று நின்றது. கையில் கோப்பாக எடுத்து வைத்தவர்களுக்கு அவர்களுடைய பட்டியல் மிஞ்சியது.

ஃபயர்ஃபாக்ஸ், க்ரோம், எட்ஜ் எழுதும் கோப்புகளில் ஒவ்வொரு இணைப்புக்கும் முகவரியும் தலைப்பும் போக, சேர்த்த நேரமும் பதிவாகிறது. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடி என்று ஒரு பத்து இலக்க எண். அதைத் தேதியாக மாற்றிப் பார்த்தால், எந்த வழக்குக்காக எந்தச் சொல்லைத் தேடினேன் என்பதுகூட எனக்கு நினைவு வருகிறது. கூடவே ஒவ்வொரு தளத்தின் சின்னப் படமும் எழுத்துகளாக மாற்றி உள்ளே சேர்க்கப்படுகிறது. கோப்பு கனமாவது இதனால்தான். என் 3,861 இணைப்புகளுக்குக் கோப்பு 4.6 எம்பி வந்தது. படங்களை மட்டும் நீக்கிப் பார்த்தேன், 700 கேபிக்குள் அடங்கிவிட்டது. இம்போர்ட் செய்யும்போது உலாவி திணறினாலோ, பாதியில் நின்றாலோ, அந்தப் படப் பகுதிகளை எடிட்டரில் தேடி நீக்கிவிட்டு மறுபடி முயன்று பாருங்கள். தளத்துக்குப் போனால் படம் தானாகத் திரும்ப வந்துவிடும்.

கோப்பில் கடவுச்சொற்கள் வராது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் முகவரிக்குள்ளேயே உள்நுழைவு அனுமதியைச் சுமந்துகொண்டு வரும் இணைப்புகள் உண்டு. பகிர்ந்த ஆவணங்களின் இணைப்புகள் பலவும் அப்படித்தான். பூட்டு இல்லாத வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் யாருக்கு அனுப்புகிறோம் என்று யோசித்து அனுப்ப வேண்டும்.

இனி உலாவிகள்.

ஃபயர்ஃபாக்ஸில்தான் அதிக நேரம் செலவிட்டேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் லைப்ரரி திறக்கும். மேலே இம்போர்ட் அண்ட் பேக்கப் என்ற பட்டியலில் பேக்கப், ரீஸ்டோர், எச்டிஎம்எல்லாக எக்ஸ்போர்ட், எச்டிஎம்எல்லிலிருந்து இம்போர்ட் என்று வரிசையாக இருக்கின்றன. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பேக்கப் கொடுப்பது ஜேசன் கோப்பு. அது ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டுமே புரியும், க்ரோமில் கொண்டுபோய் இம்போர்ட் செய்ய முடியாது. எச்டிஎம்எல் கோப்புதான் எல்லா உலாவிக்கும் பொது. இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று: எச்டிஎம்எல் இம்போர்ட், இருக்கும் பட்டியலோடு சேர்க்கும். ஜேசன் ரீஸ்டோர், இருப்பதை எல்லாம் நீக்கிவிட்டுக் கோப்பில் இருப்பதை வைக்கும். எச்சரிக்கைக் கேள்வி கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அவசரத்தில் அந்தக் கேள்வியை யார் படிக்கிறோம்? ரீஸ்டோர் என்ற சொல்லைப் பார்த்ததும் பழையது திரும்ப வரும் என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது, இன்றைக்கு இருப்பது போய்விடும் என்று எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். ஜேசன் பேக்கப்புக்குக் கோப்புப் பெயரில் தேதி தானாக வருகிறது. எச்டிஎம்எல் எக்ஸ்போர்ட்டுக்கு வெறும் புக்மார்க்ஸ் என்ற பெயர்தான் வருகிறது, தேதி இல்லை. இரண்டாம் முறை செய்யும்போது பழைய கோப்பின் மேல் எழுதவா என்று கேட்கும். அந்த இடத்தில் தேதியை நாமே சேர்த்துவிட வேண்டும். க்ரோம் இதில் மேல், மாதம், நாள், ஆண்டு மூன்றையும் பெயரிலேயே போட்டுவிடுகிறது.

ஃபயர்ஃபாக்ஸின் பெரிய பலம், நாம் கேட்காமலே அது செய்துவைக்கும் வேலை. புக்மார்க்குகளைத் தானாகவே அவ்வப்போது நகல் எடுத்து, 15 நகல் வரை வைத்திருக்கிறது. ரீஸ்டோர் பட்டியலைத் திறந்தால் தேதி வாரியாகத் தெரியும். எக்ஸ்போர்ட் செய்ய மறந்து பட்டியலைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல். எக்ஸ்போர்ட்டே வேலை செய்யவில்லை, புக்மார்க் பட்டியல் சாம்பல் நிறமாக இருக்கிறது, புதிதாக எதையும் சேர்க்க முடியவில்லை என்றால், புக்மார்க்குகள் இருக்கும் தரவுக் கோப்பு கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. உதவிப் பட்டியலில் 'மோர் ட்ரபிள்ஷூட்டிங்' என்ற பக்கத்தில், ப்ளேசஸ் டேட்டாபேஸ் என்ற தலைப்பின் கீழ் வெரிஃபை இன்டெக்ரிட்டி என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சோதித்துச் சொல்லும். அந்தக் கோப்பை நேரடியாக நகல் எடுப்பதானால் ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு எடுங்கள். திறந்திருக்கும்போது கடைசியாகச் செய்த மாற்றங்கள் பக்கத்தில் இருக்கும் வேறொரு கோப்பில் இருக்கும். முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்தால் அவை விட்டுப்போகும்.

கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்களுக்கு இன்னொன்று. முகவரிப் பட்டியில் அபவுட், முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று தட்டிப் போகும் அமைப்புப் பக்கத்தில் 'ஆட்டோ எக்ஸ்போர்ட் எச்டிஎம்எல்' என்று தேடுங்கள். அதை ட்ரூ என்று மாற்றினால் ஒவ்வொரு முறை ஃபயர்ஃபாக்ஸை மூடும்போதும் எச்டிஎம்எல் கோப்பு ப்ரொஃபைல் ஃபோல்டரில் தானாக எழுதப்படும். இத்தனை நல்ல வசதியை ஏன் இப்படி ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு வருத்தம். சாதாரண அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டமாக இருந்திருக்க வேண்டியது.

டேக் எனப்படும் அடையாளச் சொல், முகவரிப் பட்டியில் தட்டினால் பக்கத்தைத் திறக்கும் குறுஞ்சொல், இடையில் போடும் பிரிப்புக் கோடு இவை மூன்றும் ஃபயர்ஃபாக்ஸின் எச்டிஎம்எல் கோப்பில் எழுதப்படுகின்றன. க்ரோமுக்குப் போனால் அவை காணாமல் போகும், ஏனென்றால் க்ரோமில் அவற்றை வைக்க இடமே கிடையாது. எக்ஸ்போர்ட்டைக் குறை சொல்ல முடியாது, கோப்பில் எல்லாம் இருக்கிறது. நான் டேக்குகளை நம்பி ஃபோல்டர் போடாமல் விட்ட இணைப்புகள் சுமார் 300. க்ரோமில் அவை ஒரே குவியலாக வந்து நின்றன. டேக் வைத்து ஒழுங்குபடுத்துகிறவர்கள் உலாவி மாறும் முன் முக்கியமானவற்றை ஃபோல்டர்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

க்ரோம் இதில் எளிமையானது. அதே மூன்று விசைகள், மூன்று புள்ளிப் பட்டியல், எக்ஸ்போர்ட். என் ஃபோல்டர் அமைப்பு ஐந்து அடுக்கு ஆழம், ஒன்றுகூடக் கலையவில்லை. இம்போர்ட்டில்தான் கவனம் வேண்டும். ஏற்கெனவே புக்மார்க்குகள் இருக்கும் ப்ரொஃபைலில் ஏற்றினால் எல்லாம் 'இம்போர்டட்' என்ற ஒரே ஃபோல்டருக்குள் போகும். புக்மார்க் வரவில்லை என்று நினைத்து மறுபடி ஏற்றினால் அப்படி இன்னொரு ஃபோல்டர் வரும். நானும் இரண்டாம் முறை ஏற்றி 7,722 ஆக்கினேன். இரட்டிப்பானவற்றை நீக்க க்ரோமிலேயே வழி கிடையாது. அந்த ஃபோல்டரையே முழுவதும் நீக்கிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் சுலபம். சின்க் ஓடும் கணக்கில் இதைச் செய்தால் இரட்டிப்பும் நீக்கமும் எல்லாச் சாதனங்களுக்கும் போகும். அதனால் பரிசோதனைகளுக்குப் புதிதாக ஒரு ப்ரொஃபைல் உருவாக்கிக்கொண்டேன். பிறகு அதை அழித்துவிடலாம்.

எட்ஜும் க்ரோமியம் குடும்பம்தான், பெயர் மட்டும் ஃபேவரிட்ஸ். எக்ஸ்போர்ட்டில் வேறுபாடு சொல்லும்படி எதுவும் இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்த உலாவி ஒவ்வொரு ஃபேவரிட்டையும் தனித்தனி கோப்பாக, ஃபேவரிட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் வைத்திருந்தது. 2022 ஜூன் 15 அன்று அதன் ஆதரவு முடிந்தாலும், பழைய டிஸ்க்கில் அந்த ஃபோல்டர் இருந்தால் இணைப்புகளை இன்னும் படிக்கலாம்.

சஃபாரியை அதே தம்பியின் மேக்கில் பார்த்தேன். ஃபைல் பட்டியலில் எக்ஸ்போர்ட் இருக்கிறது. பிறகு படிக்க என்று சேமிக்கும் ரீடிங் லிஸ்ட்டும் ஒரு ஃபோல்டராக அதே கோப்பில் வந்துவிடுகிறது. அது எனக்குப் பிடித்தது. அங்கே ஒரு மாலைதான் உட்கார முடிந்ததால் அதற்குமேல் சொல்லவில்லை.

கைபேசியில் இந்த வசதியைத் தேடி நேரம் வீணாக்காதீர்கள். பெரும்பாலான உலாவிகளின் கைபேசிப் பதிப்பில் எச்டிஎம்எல் எக்ஸ்போர்ட் கிடையாது. சின்க் வழியாகக் கணினிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து எடுக்க வேண்டும். ஆனால் சின்க் இருக்கிறதே என்று எக்ஸ்போர்ட்டை விட்டுவிடக் கூடாது. ஒரு இடத்தில் தவறுதலாக நீக்கியது எல்லா இடத்திலும் நீங்கும்.

அலுவலகக் கணினியில் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. உலாவியை நீக்கி மறுபடி நிறுவியும் பார்ப்பார்கள். பல சமயம் காரணம் உலாவியில் இருக்காது. க்ரோமில் நிர்வாகிகள் கோப்பு தேர்வு செய்யும் சாளரத்தையே தடுத்து வைக்க ஒரு கொள்கை அமைப்பு உண்டு. அப்படித் தடுத்தால், நாம் கேன்சல் அழுத்தியதாகவே உலாவி எடுத்துக்கொள்ளும். அங்கே நிர்வாகியிடம் கேட்பதுதான் வழி. சொந்தக் கணினியில் சேமிக்க முடியவில்லை என்றால், விண்டோஸின் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற பாதுகாப்பு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் எழுத விடாமல் தடுக்கிறதா என்று பாருங்கள். வேறு ஃபோல்டரில் சேமித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது நம் மொழியில் தலைப்பு வைத்திருக்கும் புக்மார்க்குகள். இதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான்கு உலாவிகளும் தமிழ்த் தலைப்புகளைப் பிசகில்லாமல் எழுதின, படித்தன. கோப்பு யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது, அதைச் சொல்லும் வரி கோப்பின் தலைப்பகுதியில் இருக்கிறது. பிரச்சினை வருவது நாம் கை வைக்கும்போது. ஒரு முறை நண்பருக்கு அனுப்ப ஒரு ஃபோல்டரை மட்டும் வெட்டி எடுத்து, தேவையில்லை என்று நினைத்து முதல் சில வரிகளை நீக்கிவிட்டேன். அவரிடம் தமிழ் எழுத்துகள் எல்லாம், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக் குறியுமாக மாறி மாறித் தெரிந்தன. இந்த அடையாளத்தை நினைவில் வையுங்கள். அந்த ஜோடி வரிசையாகத் தெரிந்தால் தமிழ் அழியவில்லை, தவறான குறியீட்டில் படிக்கப்படுகிறது. முதல் வரிகளைத் திரும்பச் சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் நிலைமை வேறு. பழைய எடிட்டரில் ஏன்சி என்ற குறியீட்டில் சேமித்திருப்பீர்கள், எழுத்துகள் உண்மையாகவே போய்விட்டன. மூலக் கோப்பிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும். எப்போதும் நகலில் மட்டுமே கை வைக்க வேண்டும் என்பது அதனால்தான்.

முகவரிகளில் தமிழ் வந்தால் கோப்பில் சதவீதக் குறிகளாகத் தெரியும். ஒரு 'க' எழுத்துக்கே சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒன்பது குறிகள். விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றின் முகவரி மூன்று வரிக்கு நீளும். பயப்பட வேண்டாம், அழுத்தினால் சரியான பக்கத்துக்கே போகும்.

என் பட்டியலில் எந்த உலாவியில் ஏற்றினாலும் சரியாகாத தலைப்புகள் நாற்பது இருந்தன. அவை யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டில் எழுதப்பட்ட பழைய தளங்கள். அந்தப் பக்கத்தைச் சேமித்த அன்றே தலைப்பு ஏதேதோ ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் பதிவாகியிருந்தது. எக்ஸ்போர்ட் அதை அப்படியே உண்மையாக எழுதியிருக்கிறது. ஒரு மாற்றியில் போட்டு நாற்பதையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. பாதித் தளங்கள் இப்போது இல்லை. ஆனாலும் அவற்றின் பெயர்களையாவது தமிழில் படிக்க முடிகிறது.

என் முக்கியமான குறை ஒன்றுதான், அது நான்கு உலாவிக்கும் பொது. எக்ஸ்போர்ட் முடிந்ததும் எத்தனை இணைப்பு எழுதப்பட்டது, எந்த ப்ரொஃபைலிலிருந்து எழுதப்பட்டது என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை. '412 புக்மார்க்குகள், வீட்டு ப்ரொஃபைலிலிருந்து' என்று அன்று ஒரு வரி வந்திருந்தால் அந்த இரவு எனக்குத் தூக்கம் போயிருக்காது. எண்ணிக்கை உலாவிக்குத் தெரியும், சொன்னால் போதும். நான்கு நிறுவனங்களின் கருத்துப் பக்கத்திலும் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அதுவரை நாமே எண்ண வேண்டியதுதான். தேடல் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு எடிட்டரில் கோப்பைத் திறந்து, ஆங்கிலத்தில் எச், ஆர், இ, எஃப் நான்கு எழுத்தையும் சமக் குறியையும் மேற்கோள் குறியையும் சேர்த்துத் தேடினால், இணைப்புக்கு ஒன்று வீதம் எத்தனை என்று சொல்லிவிடும். அப்புறம் கோப்பை உலாவியில் திறந்து, முதல் ஃபோல்டரிலும் நடுவிலும் கடைசியிலும் ஒவ்வொன்றை அழுத்திப் பார்க்கிறேன். மூன்று நிமிடம்கூட ஆகாது.

மதிப்பெண் கேட்டால், கோப்பு வடிவத்துக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். தானாக நகல் எடுத்து வைப்பதால் ஃபயர்ஃபாக்ஸுக்கு எட்டு. க்ரோமுக்கும் எட்ஜுக்கும் ஏழு. சஃபாரிக்கு ஒரு மாலைப் பழக்கத்தை வைத்து எண் போட மனமில்லை.

கடைசியாக ஒன்று. இந்தத் தேடலில் வெளி டிஸ்க்கின் ஒரு மூலையில் 2018 செப்டம்பரில் எடுத்த எச்டிஎம்எல் கோப்பு ஒன்று கிடைத்தது. அந்த மாதம் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 62இல் புக்மார்க்குக்குக் குறிப்பு எழுதும் பெட்டி எடுக்கப்பட்டது. குறிப்பு வைத்திருப்பவர்கள் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள் என்று வெளியீட்டுக் குறிப்பில் சொல்லியிருந்தார்கள். சொன்னபடி எடுத்து வைத்துவிட்டு நான் மறந்தே போயிருக்கிறேன். இரட்டைச் சொடுக்கில் திறந்தேன். ஒவ்வொரு இணைப்பின் கீழும் என் பழைய குறிப்புகள் அப்படியே இருந்தன. 'இதில் மூன்றாம் பக்கச் சொல்லை நம்ப வேண்டாம்.' 'இவர் எலும்புப் பெயர்களில் கெட்டிக்காரர்.' 'மறுபடி கேட்டால் இதையே காட்டு.' அன்று மாலை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை அடிவரை படித்தேன்.